மூஞ்சூறு நின்ற கதவு

பல் டாக்டரின் கிளினிக்கில் சீட்டு கொடுப்பவளுக்கு டோக்கன் அக்கா என்று முதலில் பெயர் வைத்த குழந்தை எதுவென்று யாருக்கும் நினைவில்லை. பெரியவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் வீங்கிய தாடையை ஏந்திக்கொண்டு, "டோக்கன் அக்கா, நம்ம நம்பர் எப்ப வரும்?" என்று கேட்டால் அவளுக்குச் சிரிப்பு முட்டும். பல்வலிக்காரர் எதிரே சிரிக்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

அவளுடைய மேசைக்கும் டாக்டரம்மாவின் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு மெல்லிய கதவு. உள்ளே பல்லைக் குடையும் மெஷின் கீச்சிட்டால், வெளியே காத்திருக்கும் குழந்தைகளின் முகத்தில் ஈயாடாது. அந்தச் சத்தத்தை அமுக்கத்தான் அவள் உரக்கக் கதை படிக்க ஆரம்பித்தாள். படிக்க இருந்தது ஒரே புத்தகம். டாக்டரம்மாவின் மகள் சின்ன வயதில் படித்து, வளர்ந்தபின் இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது.

கதாநாயகன் ஒரு மூஞ்சூறு. கண் பார்வை மட்டு, மோப்பம் மட்டும் அபாரம். திடீரென்று ஆறு ஓடாமல் நின்றுவிடுகிறது. காரணம் கண்டுபிடிக்க அவன் மலைக்குக் கிளம்புகிறான். துணைக்கு, நீச்சலை மறந்துபோன ஒரு நீர்நாயும், ஓயாமல் பொய் சொல்லும் ஒரு காக்கையும். புதைமணல், பாம்புகளின் சந்தை, தூங்கும் பாலம் எல்லாம் தாண்டி, கடைசியில் மலையுச்சியில் ஒரு கல் கதவு. மூஞ்சூறு தட்டுகிறான். உள்ளேயிருந்து, அச்சு அசலாக அவனுடைய குரலிலேயே, யாரோ கேட்கிறார்கள்: "யாரது?"

அவ்வளவுதான். அதற்கு மேல் பக்கங்கள் இல்லை. பல் முளைக்கும் வயதில் இருந்த ஒரு குழந்தை அவற்றை மென்று தின்றுவிட்டது. பல் ஆஸ்பத்திரிப் புத்தகத்துக்கு அப்படித்தான் சாவு வர வேண்டும் போலும்.

டோக்கன் அக்கா அதுவரை கதைப்புத்தகம் படித்ததே இல்லை. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படித்ததெல்லாம் கேள்வியும் அதற்குக் கீழேயே பதிலும் இருக்கும் புத்தகங்கள். பதில் இல்லாத ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கு விளங்கவில்லை. வேலை முடிந்து போகும் வழியில் புத்தகக் கடைகளில் விசாரித்துப் பார்த்தாள். அது ஒரு கதை வரிசையின் மூன்றாம் பாகமாம்; முதல் இரண்டும் இருந்தன, இது மட்டும் இல்லை. புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய், மென்று போட்ட ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருந்த எழுத்துகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"படிச்சுதான் முடிச்சிட்டியே, இன்னும் என்ன புத்தகம்?" என்றாள் அம்மா.

"கதைம்மா. ஒரு மூஞ்சூறு, நின்னுபோன ஆத்தை ஓட வைக்க மலைக்குப் போகுது."

"மூஞ்சூறு தான் போறதுக்கே வழியைக் காணோமாம், வெளக்குமாத்தை வேற தூக்கிட்டுப் போச்சாம். அது போய் ஆத்தை ஓட வைக்குதாக்கும்!" அம்மா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, முதுகைக் காட்டிக்கொண்டே, "சரி, போய்ச் சேர்ந்துச்சா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கே இப்படி என்றால் குழந்தைகளைக் கேட்க வேண்டுமா? "உள்ள யாருக்கா?" என்று பிடுங்கி எடுத்தார்கள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு ஊட்டி வளர்த்த பாடம் வேறு: தெரியாத கேள்வி வந்தாலும் வெறும் தாளைக் கொடுக்காதே, எதையாவது எழுதிவிட்டு வா. அதனால் கேட்ட பிள்ளைக்கெல்லாம் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். ஒரு பிள்ளையிடம், உள்ளே இருந்தது காணாமல் போன அண்ணன் மூஞ்சூறு என்றாள். இன்னொன்றிடம், அது வெறும் எதிரொலி என்றாள். மூட்டை மூட்டையாக முடிவுகள் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தன. அவை ஒன்றையொன்று சந்திக்கும் என்று மட்டும் அவள் நினைக்கவில்லை.

முயல்குட்டி என்று வீட்டில் கூப்பிடும் ஒரு சிறுமி பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். கம்பியின் முனை ஒன்று பிய்ந்து கன்னத்துக்குள் குத்திப் புண்ணாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை அவளுடைய சித்தி, தன் மகளையும் கூட்டிக்கொண்டு, அவளை அழைத்து வந்தாள். கன்னம் பணியாரமாக உப்பியிருந்தது. நாற்காலியில் சாய்ந்தவள் வாயை மட்டும் திறக்கவில்லை.

"பேசாம இருடின்னா ஒரு நாளும் இருக்க மாட்டா. இன்னைக்கு வாயைத் திறடின்னா திறக்க மாட்டேங்கிறா!" என்றாள் சித்தி.

சித்தி மகள்தான் குட்டை உடைத்தாள். "டோக்கன் அக்கா அவகிட்ட, உள்ள இருந்தது அண்ணன்னு சொன்னாங்களாம். எங்கிட்ட எதிரொலின்னு சொன்னாங்க. நேத்து எங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. நெசமான முடிவைச் சொன்னாத்தான் வாயைத் திறப்பாளாம்."

டாக்டரம்மா மூக்குக்கு மேலே ஏறியிருந்த முகமூடியை இறக்கினார். "நீ வெதைச்சது. நீயே வந்து அறு. சீழ் பிடிக்கிறதுக்குள்ள நான் கம்பியை வெட்டணும்."

டோக்கன் அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முயல்குட்டியின் கண்ணில் வலியும் இருந்தது, அதைவிடப் பெரிய கோபமும் இருந்தது. புளுகுணி என்று கண்ணாலேயே திட்டினாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"ம்."

"எம்மேல கோபமா?"

"ம்ம்ம்."

"வாயைத் திறந்துடு செல்லம். அப்புறம் சொல்றேன்."

"ம்ஹும்."

புதிதாக ஒரு முடிவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "எனக்குத் தெரியாது," என்றாள். "அந்தப் பக்கமே இல்ல. ஒரு பாப்பா தின்னுடுச்சு. உங்ககிட்ட சொன்னது ரெண்டுமே நான் அடிச்சுவிட்டதுதான்."

முயல்குட்டியின் புருவம் சுருங்கியது. வாய் பூட்டியபடியே இருந்தது.

"ஆனா தினமும் யோசிக்கிறேன். பஸ்ல நிக்கும்போதுகூட அந்தக் கதவுதான் கண்ணுக்குள்ள நிக்குது. சில நாள் எனக்கு என்ன தோணுது தெரியுமா? தன் குரலே உள்ள இருந்து கேட்டதும் பயந்துபோய், அந்த மூஞ்சூறு திரும்பி ஓடியிருக்கும். நானா இருந்தா அப்படித்தான் ஓடியிருப்பேன்."

"ஓடினானா?" பூட்டு படீரென்று தெறித்தது. "அவனா? பாம்புச் சந்தையிலயே ஓடாதவன் இங்க ஏன்க்கா ஓடுவான்! உள்ள யாருன்னா..."

"அப்படியே இரு," என்று டாக்டரம்மா கண்ணாடியையும் கத்தரியையும் உள்ளே நுழைத்துவிட்டார்.

"ஆ... ஆஆ... ஆ!" முயல்குட்டி கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கினாள். இரண்டு கையையும் தூரத்தில் வைத்து, மெல்ல நெருக்கி, முட்டவைத்தாள். டோக்கன் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பி முனை டக்கென்று வெட்டுப்பட்டது. புண்ணுக்கு மருந்து தடவி, பஞ்சு வைத்து, டாக்டரம்மா உத்தரவு போட்டார்: "பஞ்சை எடுக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

காத்திருப்பது எப்படி இருக்கும் என்று டோக்கன் அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. சீட்டு எழுதினாள், போனை எடுத்தாள், கண் மட்டும் எதிர் பெஞ்சிலேயே இருந்தது. முயல்குட்டி ஒரு கன்னத்தில் பஞ்சோடு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரியவருக்கு டோக்கன் அக்கா தப்பான நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

பஞ்சு வெளியே வந்ததும் பெஞ்சே அவள் பக்கம் சாய்ந்தது.

"மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு ஆறு இருக்கும்ல?" என்றாள் முயல்குட்டி. "அதுவும் நின்னுபோயிருக்கும்ல? அங்கிருந்தும் ஒரு மூஞ்சூறு கிளம்பி வந்திருக்கும். அது அந்தப் பக்கத்துல இருந்து தட்டுது. எல்லா மூஞ்சூறுக்கும் ஒரே குரல்தானே. இது, அதுதான் ஆத்தை அடைச்ச திருடன்னு நினைக்குது. அது, இதுதான் திருடன்னு நினைக்குது."

"அப்ப ஆத்தை யாருடி அடைச்சது?" என்றாள் சித்தி மகள்.

"கதவுதான்! ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளணும்."

டோக்கன் அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். அந்தக் கதவுக்கு மறுபக்கம் என்று ஒன்று இருக்கும் என அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இது புத்தகத்தில் இருந்த முடிவாக இருக்குமா? இல்லாவிட்டால்தான் என்ன? எந்தப் பக்கம் தள்ளினால் கதவு திறக்கும் என்று பெஞ்சில் அடுத்த சண்டை தொடங்கிவிட்டது.

உள்ளேயிருந்து மணி அடித்தது. தப்பான நம்பருக்குத்தான் திட்டு என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினாள். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லவில்லை.

"கதவைச் சாத்து," என்றார் மெதுவாக. "என் பொண்ணுக்கு அந்தக் கதையைப் படிச்சுக் காட்டினப்ப, நான் பாதியிலேயே விட்டுட்டேன். உள்ள யாராம்?"