பத்துக் கோடி வருஷச் சிப்பி

கல்லை உடைத்ததும் புதிதாகத் தெரியும் பக்கத்தை அந்த அம்மா நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்கிறார். ஈரம் பட்டால்தான் கல்லிலுள்ள சிறு மணிகளின் நிறம் துலங்கும். சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கைக் கடித்தும் பார்ப்பார். பல்லில் நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களிமண். அப்போது உதடு அசையும். ஏதோ கணக்குப் போடுகிறார் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அது ஜெபம். "அடுத்தவர் வீட்டைத் தட்டாம திறக்கறோமில்ல, அதான் ஒரு வார்த்தை" என்பார், கேட்டால்.

கல்லூரியில் நிலவியல் பேராசிரியர். மாணவர்கள் வைத்த பெயர் கல்லம்மா. "ஊர்க் கல்லுக்கெல்லாம் ஜாதகம் சொல்லுவா, சோத்துல கிடக்கிற கல்லு மட்டும் கண்ணுல படாது" என்பது கணவரின் புகார்.

பயந்த சுபாவம். ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். போன் அடித்தால், எடுப்பதற்குள் மனசுக்குள்ளேயே சொந்தபந்தம் அத்தனை பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்.

அவர் போகும் பிரார்த்தனைக் கூடத்தை நடத்துபவர் சொந்த அண்ணன். ஞாயிறு காலை அங்கே சிறுவர் வகுப்பு இவருடையது. ஒரு வாரம், கடவுளின் கைவேலையைக் காட்டலாமென்று சிப்பி பதிந்த கல்லொன்றை எடுத்துப் போனார்.

"இது எப்ப செத்துச்சு, டீச்சர்?" என்றாள் ஒரு சிறுமி.

"பத்துக் கோடி வருஷம் இருக்கும், கண்ணு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சாயங்காலமே அண்ணன் போன் செய்தார்.

"ஆறே நாள்ல உலகம் உண்டாச்சுன்னு பைபிளை வெச்சு நான் மேடையில சொல்றேன். நீ கீழ உக்காந்து கோடிக் கணக்குப் பேசறியேம்மா? பெத்தவங்க வந்து நிக்கிறாங்க. அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அதோட விட்டுடலாம்."

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கடித்துக் கடித்துக் கட்டைவிரல் நகம் சதைவரை போயிற்று. பெற்றவர்கள் போன பிறகு பிறந்த வீடு என்றால் அண்ணன்தான். மண்டியிட்டு அழ உலகத்தில் இருக்கும் ஒரே இடம் அந்தக் கூடம்தான்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துடேன்" என்றார் கணவர்.

"எங்க நின்னு சொல்லச் சொல்றீங்க, யோசிச்சுப் பாருங்க. அங்க போய் எப்படிங்க பொய் சொல்றது?"

ஞாயிறு வந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனதும் அது இரண்டு முறை கிறீச்சிட்டது.

"கல்லுக்கு நான் வயசு வைக்கல. அதுல இருந்ததைச் சொன்னேன். கல்லு பொய்யின்னா, படைச்சவரே பொய்யை மண்ணுக்குள்ள புதைச்சு வெச்சாருன்னு ஆயிடும். அவர் அப்படிப்பட்டவர் இல்ல. ஆறு நாளுன்னா என்ன அர்த்தம்? எனக்கும் தெரியல. அதைத்தான் அவர்கிட்ட தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அண்ணன் மைக்கை வாங்கி, தங்கையின் முகத்தைப் பாராமல், சிறுவர் வகுப்பை இனி வேறொருவர் எடுப்பார் என்று அறிவித்தார். அதன் பிறகு அவரிடமிருந்து போனும் இல்லை.

மறு ஞாயிறு நல்ல மழை. போக வேண்டாம் என்று கணவர் சொல்லியும் கேட்காமல் கூடத்துக்கு வந்துவிட்டார். ஆனால் வாசலில் கால் எழவில்லை. உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. தெரிந்தவர்கள் தெரியாதவர்கள்போல் ஒதுங்கி உள்ளே போனார்கள். திரும்பிவிடலாமா என்று சாலையைப் பார்த்தார்.

அண்ணன் படியிறங்கி வந்தார். தலை நனைந்தது. தங்கையின் கையிலிருந்த குடையை வாங்கி, மடக்கி, இரண்டு முறை உதறி, உள்ளே கொண்டுபோய்த் தன் குடை தொங்கிய ஆணியிலேயே மாட்டினார்.