கனகராஜ் சாத்திவிட்டுப் போன கதவு

செய்தி வந்தது உச்சி வெயில் நேரம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதையில் பரப்பியிருந்த கொலு பொம்மைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சந்திரிகா சிரிக்காத அரக்கன் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தாள். கனகராஜ்தான் கேட்டிருந்தான். "கொலுவுல வர்ற அரக்கன் எல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி சிரிக்கான். அடிக்கவே மனசு வரமாட்டேங்கு. மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்கவனாப் பாத்து ஒருத்தன் வாங்கு" என்று முந்தின நாள் சொல்லியிருந்தான்.

போனில் ஆசிஃப். "சந்திரி, கனகு கடையிலயே வுழுந்துட்டானாம். ஹார்ட்டு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அவள் எழுந்தாள். குளத்துப் பக்கம் கொஞ்சம் நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் அதே பக்கம் போனாள். பொம்மைக்காரப் பெண் பின்னாலிருந்து, "இன்னாக்கா, வேணுமா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கனகராஜுக்கு நாற்பதைத் தொட்ட வயது. தென்காசிப் பக்கத்திலிருந்து தி.நகருக்கு ஜவுளி வியாபாரம் செய்ய வந்த குடும்பம். கடை பங்காளிகள் கைக்குப் போன பிறகு, வேறொரு பெரிய கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நின்றான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா சண்முகவடிவு வீட்டு மாடியறையில் இருந்தான். வாரம் முழுக்கப் புடவையை விரித்தான், மடித்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கடை திறப்பதற்கு முன்னால், ராஜா அண்ணாமலைபுரத்தில் அபயாம்பாள் மாமி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உலகங்களைக் கட்டினான்.

அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனை ஆட்டம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். வங்கியில் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பணத்தைக் காத்து ஓய்வு பெற்ற அபயாம்பாள் மாமி இதில் திருடி. அடையாறில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஆசிஃப் மந்திரவாதி. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்யும் சந்திரிகா வாள் வீராங்கனை.

இந்த ஆட்டத்துக்கென்றே வெளிநாட்டிலிருந்து பல முகப் பகடைகள் வருகின்றன. கனகராஜ் பித்தளைத் தாயக்கட்டையைத்தான் உருட்டினான். வீட்டில் ஆடும் தாயம் போலவே, தாயம் விழுந்தால்தான் புதிதாக வருகிறவர் கதைக்குள் நுழையலாம் என்பது அவன் சட்டம். ஆசிஃப் சேர்ந்த புதிதில் தாயம் விழாமல் வாரக்கணக்கில் ஊருக்கு வெளியிலேயே நின்றான். அவனுக்காகக் கனகராஜ் கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடையைப் போட்டு, அங்கே கடன் சொல்லிக் குடிக்கும் பூதங்களையும் கொண்டுவந்தான். கடைசியில் தாயம் விழுந்தபோது ஆசிஃப், "நைனா, நான் இங்கியே கீறேன், நீங்க போங்க" என்றுவிட்டான்.

புத்தகம் பார்த்து அவன் எதையும் எடுத்ததில்லை. புடவைப் பெட்டி அட்டை அவனுக்குக் கோட்டை. வெட்டி விழுந்த ஜரிகைக் கரை ஆறு. ரங்கநாதன் தெருவில் நசுங்கி வந்த அன்று, பின்னால் திரும்பி நடக்கவே முடியாத ஒரு சந்தை கதைக்குள் வந்தது. அடையாறு உடைந்த பாலம், மறுபாதியைப் பேய்கள் வைத்திருக்கும் பாலமானது. "சாமான் எல்லாம் தெருவுலதான் கெடக்கு, பொறுக்கத்தான் ஆளில்ல" என்பான்.

கடைசி ஞாயிறு அவர்கள் மூவரையும் ஒரு பெரிய நகரத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். கதவு சாத்தியிருந்தது. மந்திரத்துக்கு அசையவில்லை, மாமியின் கள்ளச்சாவிக்கும் அசையவில்லை. உள்ளே என்ன என்று சந்திரிகா துளைத்துத் துளைத்துக் கேட்டாள். அவன் காபியைக் குடித்து முடித்து, கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அந்த ஞாயிறு, ஆட்டத்தைத் தானே நடத்துவதாகச் சந்திரிகா சொன்னாள். அந்த மேசை கலைந்தால் அவனும் முழுதாகப் போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. இணையத்தில் தேடி, இதே மாதிரி ஆட்டத்துக்கு யாரோ எழுதிய நிலவறைக் கதை ஒன்றை அச்செடுத்து வந்து வாசித்தாள். பனி, ஓக் மரம், டிராகன். மாமி பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏண்டி சந்திரிகா, சர்க்குலர் மாதிரி வாசிச்சிண்டே போறயே. நாங்க இருக்கோமா இல்லையா இதுல?"

"அந்தக் கதவு இன்னா ஆச்சு?" என்றான் ஆசிஃப். "அரக்கன் பொம்மை கேட்டான்ல? உள்ள அவன்தான் கீறான்."

"அரக்கனும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குடா. யாராலயும் திறக்க முடியாத கதவுன்னா அது என்னதுங்கறே?" என்றார் மாமி.

கிளம்பும்போது ஆசிஃப் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "அடுத்த வாரம் ஒரு வாட்டி பாக்கலாம் சந்திரி. அப்பவும் இப்டியே போச்சுன்னா நிறுத்திக்கலாம். எனக்கு இங்க உக்காரவே முடியல."

அந்த வாரம் அவளுக்கும் எங்கேயும் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தாள். பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தாள். உடைந்த பாலம் போய்ப் பார்த்தாள். அது உடைந்த பாலமாகவே இருந்தது. கதவுக்குப் பின்னால் அவன் எதை நினைத்து வைத்திருந்தான் என்று தெரியாமல் ஒரு சொல்லும் வராது போலிருந்தது. வெள்ளிக்கிழமை விடுப்பு சொல்லிவிட்டுத் தி.நகருக்குப் போனாள்.

சண்முகவடிவு அவளைக் கூடத்தில் உட்கார வைத்து, மாடியிலிருந்து ஒரு கட்டைப்பையைக் கொண்டுவந்து வைத்தாள். தாயக்கட்டை, அட்டைகள், ஜரிகைத் துண்டுகள். "நீயே கொண்டு போ. இங்க யாரு வெளயாடப் போறா."

"அக்கா, ஒரு கதவு பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? கதையில வர்ற கதவு. உள்ள என்ன இருக்குன்னு…"

"அதா? சொன்னானே." சண்முகவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தீவாளி சீசன் வந்துட்டுல்லா, ஞாயித்துக்கெழமையும் விடியறதுக்குள்ள கடைக்கு வரச் சொல்லிட்டாங்க. ஆட்டத்துக்கு எங்க போக? அதாங்க்கா ஒரு கதவச் சாத்தி நிப்பாட்டி வச்சிருக்கேன், தீவாளி கழிஞ்சு தொறந்துக்கிடலாம்னான். லீவு கெடைக்கலன்னு சொன்னா அந்த பேங்க் அம்மா ஏசும்னு உங்ககிட்ட சொல்லல."

"உள்ள என்ன?"

"நானும் கேட்டேன். எனக்கே தெரியாதுக்கான்னு சிரிக்கான். ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்துதான். ஒண்ணும் தோணலக்கான்னு இந்தக் கூடத்துல குறுக்கயும் நெடுக்கயும் நடப்பான். பொறவு என்னத்தையோ நெனச்சிட்டு ஓடிப் போவான்."

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்ததால் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு பையை எடுத்தாள்.

உஸ்மான் சாலையில் அப்போதுதான் கடைகள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஒரு ஜவுளிக்கடைக்குள் ஏணியில் நின்று ஒருவன் சீரியல் விளக்கு கட்டினான். ஒரே நிறப் புடவை கட்டிய விற்பனைப் பெண்கள் வரிசையாக ஓடினார்கள். வாசலில் நின்ற அவளை யாரும் கவனிக்கவில்லை. "ஓரமா நில்லும்மா" என்று மட்டும் ஒரு குரல் கேட்டது. அவள் ஓரமாக நின்று, வெயில் ஏறும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை, அச்செடுத்த தாள் எதுவும் கொண்டு போகவில்லை. மாமி வீட்டு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துவிட்டுத்தான் உள்ளே போனாள். மேசையில் தாயக்கட்டையை வைத்துவிட்டு, மாமியிடமும் ஆசிஃபிடமும் சண்முகவடிவு சொன்னதை அப்படியே சொன்னாள்.

"கடங்காரன்" என்றார் மாமி. "லீவு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? நான் பாட்டுக்கு எமன் அது இதுன்னு ராத்தூக்கம் இல்லாம கெடந்தேன்."

"கதவு திறக்குது" என்றாள் சந்திரிகா. "உள்ள ஊரே ஓடிக்கிட்டிருக்கு. ஏணி, விளக்கு, தோரணம். ஏதோ பெரிய திருவிழா வரப்போகுது. என்ன திருவிழான்னு ஒருத்தருக்கும் தெரியல, கேக்கவும் நேரமில்ல. உங்களப் பாத்து ஒருத்தன் ஓரமா நில்லுங்கன்னு கத்துறான்."

ஆசிஃப் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "அவன் இடுப்புல சாவிக்கொத்து கீதா?"

"இருக்கு."

"நகருடா" என்று தாயக்கட்டையைக் கையில் எடுத்தார் மாமி.

காபி ஆறிப்போனது. இரண்டாம் தரம் போடவும் யாரும் எழவில்லை. நடுவில் இருமுறை சந்திரிகாவுக்குச் சொல் வராமல் நின்றுபோனது. அப்போதெல்லாம் மாமி எதையாவது திருடி வைத்தார். ஆசிஃப் கிளம்பும்போது அடுத்த வாரம் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை. மேசைமேல் தன் மந்திரவாதிக் காயை எங்கே நிறுத்தினானோ அங்கேயே விட்டுவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று மட்டும் மாமியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த நகரத்து வாசலுக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் சந்திரிகா புடவைப் பெட்டி அட்டையில் இரட்டைக் கதவு வரைந்திருந்தாள். இடது கதவை மட்டுமே வெட்டி எடுத்திருக்கிறாள். வலது கதவு, அடுத்த ஞாயிறுக்கென்று, இன்னும் அட்டையில் பென்சில் கோடாகவே இருக்கிறது.