கால் சுற்றுத் திருப்பாத கிராங்க்

போன வாரம் ரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தேன். இடது கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த நர்ஸ், "நார்மல்தான் சார்" என்றார். "அந்தக் கையிலயும் ஒருக்கா பாத்துருங்கம்மா" என்றேன். வியாதிக்கு ஆசைப்பட்டு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இது போடியில் ஒரு டீசல் ஜீப்பால் வந்த பழக்கம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

எண்பதுகளின் தொடக்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் நான் மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் மைக்ரோமீட்டர் துருத்திக்கொண்டிருக்கும். வேலைக்கு எடுத்ததைவிட டீக்கடையில் எடுத்துக் காட்டியதுதான் அதிகம். ஒருமுறை முறுக்கின் கனத்தை அளந்து சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

ஏலக்காய் எடுப்புச் சமயம். விடியலில் தோட்டத்துப் பெண்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப்போகும் கருப்பையா அண்ணனின் ஜீப்பில் ஆயில் பிரஷர் இறங்கிவிட, எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தோம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் தேய்ந்திருந்தால் மதுரைக்குக் கொண்டுபோய் லேத்தில் கடைய வேண்டும், நாலு நாளாகும். அதற்குள் தோட்டத்து மேஸ்திரி வேறு ஜீப்பைப் பிடித்துவிடுவார்.

"மாப்ளே, நல்ல சேதியாச் சொல்லு" என்று அண்ணன் பக்கத்திலேயே குத்தவைத்திருந்தார்.

கிராங்கில் பேரிங் உட்காரும் வழவழப்பான இடத்தை ஜர்னல் என்போம். அது சுற்றிலும் ஒரே மாதிரி தேயாது. பிஸ்டன் அழுத்தும் பக்கம் கூடுதலாகத் தேய்ந்து முட்டை மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு தடவை அளந்து, கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் முதல் அளவே நல்லதாக வந்தது, அண்ணன் முகமும் தெளிந்துவிட்டது. நான் திருப்பவில்லை.

"புது பேரிங் போட்டா போதும்ணே. வெரசா முடிச்சிரலாம்."

ஓட்டிய இரண்டாம் நாளே, மூணாவது கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது. பெண்கள் இறங்கி நடந்தே மலையேறினார்கள்.

அண்ணன் திட்டவில்லை. கிராங்கைச் சாக்கில் சுற்றி என் தோளில் வைத்தார். "நீயே தூக்கிட்டு வா மாப்ளே." மதுரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பிள்ளைக்கு அரை டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர்.

நாங்கள் திரும்புவதற்குள் மேஸ்திரி வேறு ஜீப் பிடித்திருந்தார். அந்த எடுப்பு முழுக்க அண்ணனுக்குக் குரங்கணிப் பக்கம் போகும் லோடுதான், அதுவும் கிடைத்தால்.

அந்தப் பெண்கள் என்னை விடவில்லை. நான் கடையில் வாழைப்பழம் உரித்தால்கூட அவர்கள் போகும் புது ஜீப்பிலிருந்து ஒரு குரல் வரும்: "அப்பு, அந்தப் பக்கமும் பாத்தியா?" வண்டியே சிரிக்கும். லோடுக்காகக் காத்து நிற்கும் கருப்பையா அண்ணனும் சிரிப்பார். அதுதான் எனக்குத் தாங்காது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணன் இல்லை. அந்தப் பெண்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

நர்ஸ் வலது கையிலும் பார்த்தார். "இதுல கொஞ்சம் கூடத்தான் சார் இருக்கு" என்றார். சொன்னால் புரிந்து சிரிக்க போடியில் ஒருத்தரும் மிச்சமில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.