பேக் ஆடிய அக்கா

எங்கள் வீட்டில் கால்பந்து என்றால் கோல்தான். மற்றதெல்லாம் வெறும் ஓட்டம். இந்த ஞானத்தை எங்களுக்கு வழங்கியவர் சித்தப்பா. அவர் ஒருநாளும் பந்தை உதைத்ததில்லை என்பது வேறு விஷயம். பள்ளிக்கூட டீமில் எட்டாவது படித்த நான் முன்னால் ஆடினேன். பன்னிரண்டாவது படித்த அக்கா பின்னால், வருகிற பந்தைத் தடுக்கிற பேக். நான் கோல் போட்டால் சித்தப்பா புரோட்டா வாங்கித் தருவார். அக்காவை யாராவது விசாரித்தால் அன்றைக்கு நாங்கள் கோல் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். "பேக்ல நின்னது யாருடி?" என்று கேட்டுக்கொண்டுதான் திட்ட வருவார்கள்.

அந்த வருஷம் மதுரையில் ஃபைனல். கல்லூரியிலிருந்து ஆட்கள் வருவார்கள், பிடித்துப்போனால் ஃபீஸ் இல்லாமல் சீட்டும் ஹாஸ்டலும் உண்டு என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். சீட்டு கிடைக்காவிட்டால் வைகாசியில் அத்தை மகனோடு கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"கோல் போட்டவளத்தான் எடுப்பாக. நீயும் முன்னால ஏறிப் போ புள்ள," என்றார் சித்தப்பா.

"நான் போயிட்டா பின்னால யாரு நிப்பா?" என்றாள் அக்கா. அம்புட்டுத்தான் அவள் பேச்சு.

எதிர் டீமில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். ஆட்டம் முழுக்க அக்கா அவளை உள்ளே விடவே இல்லை. கடைசி நேரத்தில் அக்கா குறுக்கே பாய்ந்து பந்தைத் தட்டிவிட, அந்த நெட்டை உருண்டு விழுந்து ஓவென்று அழுதாள். ரெஃபரி விசில் ஊதவில்லை. நாங்கள் போட்டது ஒரே கோல், அதுவும் என் முழங்காலில் பட்டுத் தானாகப் போனது; அதிலேயே ஜெயித்துவிட்டோம். சித்தப்பா கொண்டுவந்த ஒரே மாலை என் கழுத்தில் விழுந்தது.

அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். தொப்பி போட்ட ஒரு டீச்சர் என்னிடம் வந்து, "பேக் ஆடின பொண்ணு யாரும்மா?" என்று கேட்டார். விழுந்தவளுக்காகப் பஞ்சாயத்து பேச வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அக்காவைக் காப்பாற்றுகிறேனாம்!

"அவ அப்பவே ஊருக்குப் போயிட்டா டீச்சர். கோல் போட்டது நான்தான்."

அவர் சிரித்து என் கன்னத்தைத் தட்டினார். சுற்றுமுற்றும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மேலூர் பஸ்ஸில் அக்கா கேட்டாள். "என்னய யாரும் விசாரிச்சாகளாடி?"

"இல்லக்கா."

ஒத்தக்கடை தாண்டியதும் மறுபடி கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. "கோல் போட்ட நானே இங்கன இருக்கேன், உன்னய யாரு விசாரிக்கப் போறா?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து பி.டி. டீச்சர் வீட்டுக்கு வந்தார். தொப்பி போட்டவர் கல்லூரி டீச்சராம். நல்ல பேக் ஒருத்தியைத்தான் தேடி வந்தாராம். நம்ம பிள்ளை கிடைக்காததால் எதிர் டீம் பேக்கை எடுத்துக்கொண்டாராம். "ஆள் இல்லைன்னு யாரோ சொன்னாங்களாம்," என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். பாவி நான், வாயைத் திறக்கவில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது.

போன பொங்கலுக்கு வந்தபோதும் அக்கா என் பிள்ளைகளிடம், "ஒங்கம்மா போட்ட கோல்லதான் கப்பு வந்துச்சு," என்று பெருமையாகச் சொன்னாள். அந்த ஒரு கோல் போதுமானதாக இருந்ததே அவளால்தான் என்பது எட்டாவது படித்தவளுக்கு விளங்கவில்லை. இன்று விளங்கிய எனக்கு, அதையும் அன்றைக்குச் சொன்ன பொய்யையும் அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.