தொடக் கூடாத டப்பா

எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் கூடத்துக்கு இப்படி ஒரு குண்டுப் பெண்ணை அமைப்பாளராகப் போட்டவரைத்தான் முதலில் உதைக்க வேண்டும் என்று தெரு பேசிக்கொண்டது. அவள் முனையில் திரும்பும்போதே, "பிள்ளைங்க சாப்பாடு நடந்து வருது பாரு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். மூட்டை அக்கா என்று பெயர் வைத்ததும் அதே வாய்கள்தான். தண்ணீர் குடித்தாலும் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் வாகு அவளுக்கு. அப்பா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். பதினோரு வருஷத்தில், உப்புப் பார்க்க நாக்கில் வைத்த சொட்டைத் தவிர அந்தக் கூடத்துப் பாத்திரத்திலிருந்து அவள் எதையும் தின்றதில்லை. சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்பார்கள். எதிரில் வருகிற எல்லாரையும் "சாப்டீங்களா" என்று கேட்கிற அந்தத் தெரு, அவளிடம் மட்டும் கேட்பதில்லை. பதில்தான் தெரியுமே! அவள் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவாள். வீட்டுக்குப் போய் அழுத நாட்களும் உண்டு.

கூடம் தகரக் கூரை போட்ட நீள அறை. உத்தரத்தில் வட்ட முகத் தராசு ஒன்று தொங்கும், அதன் கொக்கியில் ஒரு துணிக் கால்சட்டை. பிள்ளையை அதற்குள் இறக்கித் தொங்கவிட்டால் முள் நகரும். சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எடைக்கேற்ற நிறத்தில் ஓர் அட்டை: சிவப்பு, மஞ்சள், பச்சை. காலையில் கஞ்சி, பத்து மணிக்கு அவித்த முட்டை, மதியம் சோறு, வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு கடலை உருண்டை. இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபத்தொன்று இதையெல்லாம் தின்றுவிட்டு மஞ்சளுக்கோ பச்சைக்கோ ஏறிக்கொண்டிருந்தன.

இருபத்திரண்டாவது, சுண்டெலி. நாலு வயதுப் பெண். கிண்ணத்தைக் கண்டால் உதட்டைப் பூட்டிச் சாவியை எங்கோ எறிந்துவிடுவாள். கெஞ்சியாகிவிட்டது, கொஞ்சியாகிவிட்டது, பொம்மைக்கு ஊட்டியும் காட்டியாகிவிட்டது. பொம்மை கொழுத்திருக்கும், இவள் கொழுக்கவில்லை. இரண்டு மாதமாகப் பத்துக் கிலோ நானூறிலேயே முள் நின்றது. மூன்றாவது மாதமும் ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுக்க வைக்க வேண்டும், அம்மாவும் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. அம்மா சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். "ஒரு மாசம் போனா என் மேசைல வேற ஆளை நிறுத்திடுவாங்கக்கா. வீட்ல இன்னும் ரெண்டு வாய் இருக்கு" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மதியம், பிள்ளைகள் தூங்கும் நேரம். மூட்டை அக்கா கரண்டி தேடிச் சமையல் மேசைக்குக் கீழே குனிந்தாள். அங்கே சுண்டெலி உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன, கையில் பாதிக் கடலை உருண்டை. கையும் களவுமாகப் பிடிபட்டவள் கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். திட்டுவதற்காகத் திறந்த வாயை அக்கா அப்படியே மூடினாள். 'அடி கள்ளி! போட்டால் தின்ன மாட்டாய், திருடினால் தின்பாயா?' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஒன்றும் பார்க்காதவளாக நிமிர்ந்தாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் உருண்டை டப்பாவின் மூடியைத் தளர்த்தியே வைத்தாள். "இந்த டப்பாவை யாரும் தொடக்கூடாது! தொட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்!" என்று கூடமே அதிரச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரத்தை உருட்டுவாள். சுலபமாகக் கிடைத்தால் சலித்துப்போகுமே என்று டப்பாவை ஒரு தட்டு மேலே ஏற்றினாள், கூடவே கீழே ஒரு முக்காலியையும் மறந்ததுபோல விட்டுவைத்தாள். முட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். ஒருநாள் அவசரப்பட்டுத் திரும்பி, முக்காலிமேல் நின்ற திருடியோடு நேருக்கு நேர் முட்டிக்கொண்டாள். சட்டென்று ஒரு தும்மல் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு இவ்வளவு நேரம் தும்மிய பெண்பிள்ளையை உலகம் கண்டிருக்காது.

இதைக் கூடத்துச் சமையற்காரியிடம் சொல்ல முடியாது. நல்லவள்தான், ஆனால் ஓட்டை வாய். அவளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், சுண்டெலியின் காதுக்கும் போகும். ஆனால் உருண்டை பிடிக்கிறவளே அவள்தானே! எண்ணி வைத்தது தினமும் குறைகிறது, கூடத்தில் ஒருத்தி குண்டாக இருக்கிறாள், இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பா வேண்டும்? மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டாள்.

மூன்றாவது எடை பார்க்கும் நாளன்று மேற்பார்வையாளர் புகாரோடு வந்து இறங்கினார். ஒடுங்கிய கன்னம், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ரப்பர் வளையம் போட்ட டிபன் பாக்ஸ். அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள்.

"ஒரு மாசத்துல தொண்ணூறு உருண்டைக்கு மேல காணோம்னு எழுதியிருக்கு. யாரும்மா எடுத்தது?"

சுண்டெலி அம்மாவின் சேலையைப் பிடித்தபடி நின்றாள். இந்த இடத்தில் இவள் பெயரைச் சொன்னால் அம்மா அடிப்பாள், பிள்ளை இனி திருடியும் தின்னாது. மூட்டை அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"நான்தான் சார் சாப்டேன்."

ஒருவரும் திடுக்கிடவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. எல்லார் முகத்திலும் 'அதானே' என்று எழுதியிருந்தது.

"சரி, இதையே எழுதிக் குடுங்க."

"தரேன் சார். அதுக்கு முன்னாடி இந்தப் பிள்ளையை மட்டும் எடை பாருங்க."

சுண்டெலியைத் தொங்கவிட்டார்கள். முள் பத்தைத் தாண்டி, பதினொன்றையும் தாண்டி நின்றது. மேற்பார்வையாளர் இருபது வருஷம் தராசு பார்த்தவர், கவுனில் கல் கட்டிவரும் அம்மாக்களை அறிந்தவர். "எங்க, பையைக் காட்டு" என்று பிள்ளையின் கவுன் பையைக் கவிழ்த்தார். இரண்டு கடலை உருண்டை விழுந்தது. பாதி முட்டை விழுந்தது. கடைசியாக அவருடைய பேனா மூடியும் விழுந்தது.

பையைக் காலி செய்து திரும்பவும் எடை பார்த்தார். பதினொன்று நானூறு, மஞ்சள். அவர் கண்ணாடியை இறக்கிப் பிள்ளையைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், கடைசியில் மூட்டை அக்காவைப் பார்த்தார்.

"ஒரு மாசமா இதான் நடக்குதா?"

"எது சார்?" என்றாள் அவள், பச்சைப் பிள்ளை மாதிரி.

பெற்றவள் ஓங்கிய கையை அக்கா பாய்ந்து பிடித்துக்கொண்டாள். சமையற்காரி வெலவெலத்துப்போய், ஒரு கிண்ணம் கஞ்சியை எடுத்துவந்து, "சாப்டுடி என் கண்ணு" என்று நீட்டினாள். பிள்ளையின் உதடு பூட்டிக்கொண்டது. எல்லாரும் அன்பாகப் பார்க்கப் பார்க்க அந்தப் பூட்டு இன்னும் இறுகியது. குட்டு உடைந்த திருட்டில் என்ன ருசி இருக்கும்? மஞ்சள் அட்டை மறுபடி சிவப்பாவது அக்காவின் கண்ணுக்குத் தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

மேற்பார்வையாளர் புகாரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். தன் டிபன் பாக்ஸை முக்காலிமேல் வைத்து, ரப்பர் வளையத்தைக் கழற்றி, மூடியைத் தளர்த்தினார்.

"இது என் சாப்பாடு!" என்று கத்தினார். "யாரும் தொடக்கூடாது! தொட்டா எனக்கு ரொம்பக் கெட்ட கோபம் வரும்!"

கத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முதலில் இஸ்திரி போடுகிறவளுக்குப் புரிந்தது, அவளும் திரும்பினாள். அப்புறம் ஒவ்வொரு அம்மாவாகத் திரும்பினார்கள். மூட்டை அக்காவும் சமையற்காரியும் பக்கத்தில் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

பிறகு முதுகுக்குப் பின்னால் மூடி மெதுவாகத் திறக்கிற சத்தம் கேட்டது.

சமையற்காரி சுவரைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நீ சாப்டியாக்கா?"

பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"இல்லடி" என்றாள் மூட்டை அக்கா. "காலைலேருந்து இல்ல."