குளிக்க ஒரு பலகை

மட்டாஞ்சேரி லாட்ஜில் துண்டு, சோப்போடு ஒரு மரப்பலகையும் தருகிறார்கள்.

"சூடுவெள்ளம் வேணும்னா இதுமேல நின்னு குளிக்கணும் சாரே," என்கிறார் முதலாளி, பாலக்காட்டுத் தமிழர். மச்சினர் துபாயிலிருந்து கொண்டுவந்த மின்சார ஷவராம். "தரையில நின்னா லேசா தரிக்கும், அவ்வளவுதான்."

தரிப்பு என்று அவர் சொல்வது ஷாக்கை!

பொதுக் குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கிறேன். பல்புக்குப் போகும் மெல்லிய ஒயரிலேயே ஷவரையும் சேர்த்திருக்கிறார்கள். எர்த்துக்கான பச்சை ஒயர் எதிலும் சேராமல் சுருண்டு கிடக்கிறது. நேராகப் போய் மெயினை அணைத்து, குளியலறை ஃப்யூஸை உருவுகிறேன்.

"இத்தனை நாளா எல்லாரும் குளிச்சாச்சே சாரே!"

"ஷவருக்குத் தடிச்ச ஒயர்ல தனி லைன் இழுங்க. பச்சை ஒயருக்கு எர்த் கொடுங்க. அதுவரைக்கும் ஃப்யூஸ் என்கிட்டதான் இருக்கும்."

கையை நீட்டுகிறார். நான் கொடுப்பதாக இல்லை.

அப்போது பக்கத்து அறைப் பெண், எண்ணெய் வழியும் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருகிறாள். "சேட்டா, மோனைக் குளிப்பாட்டணும். சூடுவெள்ளம் வருமா?"

இறங்கி ஓடத் துடிக்கும் குழந்தையின் கால்களையே பார்க்கிறார் முதலாளி. நீட்டிய கை இறங்குகிறது.

"அடுப்புல வெச்சுத் தரேன் மோளே."

போகும்போது என் பலகையையும் விறகுக்கு எடுத்துப் போகிறார்.