மூடி போட்ட மாடு

மாட்டாஸ்பத்திரியில் அவளுக்கு 'சோப்பக்கா' என்று பேர். ஒரு தடவை அலசினால் போதும் என்கிற வாளியை மூன்று தடவை தேய்ப்பாள். நாத்தனார் வீட்டுக்கு வந்தால் வாசல் குழாயைத் திறந்துவிட்டு, சோப்பை நீட்டி, "காலைக் காட்டு" என்பாள்.

பதினொரு வருஷமாக அவள் பொறுப்பில் ஒரு பசு. அதன் இடது விலாவில் ஒரு துளை, துளைக்கு ரப்பர் மூடி. மூடியைத் திறந்தால் இரைப்பைக்குள் கை போகும். பசு அதுபாட்டுக்குப் புல் தின்றுகொண்டிருக்கும். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான பச்சைத் தண்ணீரை அள்ளி, துணியில் வடிகட்டி, அசைபோடாத மாடுகளுக்குக் கொடுப்பாள். பாத்திரம் கொண்டுவருவது மாட்டுக்காரர்கள் பாடு.

நாத்தனாரிடம் இருந்தது ஒரே மாடு. கழிச்சலுக்குக் கொடுத்த மருந்தில் கழிச்சல் நின்றது; அசைபோடுவதும் நின்றது. நாலு நாளாகப் புல்லை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சோப்பக்கா டீக்கடையில் பெரிய பிளாஸ்க் இரவல் வாங்கினாள். பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தடவை கழுவினாள். பச்சைத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போய், மாட்டின் வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே இறக்கினாள்.

மறுநாளும் மாடு அப்படியே நின்றது.

"பெருசா பீத்திக்கிட்டீங்களே அண்ணி!" நாத்தனார் குரல் உடைந்திருந்தது. "என் மாடு போயிடும் போலிருக்கே."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிளாஸ்க்கை மோந்து பார்த்தார். "பிளீச்சிங் போட்டீங்களா?"

"கிருமி சாகணும்ல?"

"செத்துடுச்சு. மாட்டுக்குப் புல்லைச் செரிச்சுக் குடுக்கிறதே அந்தக் கிருமிங்கதாங்க. மாட்டு வயித்துல இருந்தது கழிச்சல் மருந்துல போச்சு, பிளாஸ்க்ல இருந்ததை நீங்க பார்த்துக்கிட்டீங்க."

சோப்பக்கா மூடி போட்ட பசுவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் தீவனம் போட்டது யாருக்கு?

இந்தத் தடவை பிளாஸ்க்கை வெந்நீரில் அலசி அலசி, வாடை போனதும் நிறுத்தினாள். சோப்புப் பக்கம் போகத் துடித்த கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். பச்சைத் தண்ணீரை நிரப்பி, பிளாஸ்க்கைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானம் இருவரும் தொழுவத்தில் குந்தியிருந்தார்கள். காலையில் மாடு ஒரு கைப்பிடி புல் தின்றிருந்தது. திடீரென்று அதன் கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. தாடை பக்கவாட்டில் அசைந்தது. மறுபடியும் அசைந்தது.

"அண்ணி! மெல்லுது! மெல்லுது பாருங்க!"

நாத்தனார் அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். மாட்டின் எச்சில் சோப்பக்காவின் தோளில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

அடுத்த வாரம் நாத்தனார் வந்தாள். பழக்கதோஷத்தில் வாசலிலேயே காலைத் தூக்கிக் காட்டினாள்.

சோப்பக்கா குழாயைத் திறந்தாள்.

"தண்ணி மட்டும் போதும். உள்ள வா."